கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தவர்கள்: கேள்வி பதில்

வங்காளச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் படித்த கல்லூரியில் வேறு யாரெல்லாம் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பலருக்கு ஆசை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். நான் பேராசிரியன் இல்லை. வேலை நிமித்தம் பல வருடம் கொல்கத்தாவில் இருந்தவன். வங்காளம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே இந்த மனிதர்களைப் படிப்பதற்காகத்தான்.

கேள்வி (திருச்சி, பள்ளி ஆசிரியை): ஐயா, இந்தக் கல்லூரியை ராஜா ராம்மோகன் ராய் தொடங்கினார் என்று எங்கள் பள்ளியில் ஒருவர் சொல்கிறார். சரியா?

இல்லை அம்மா. நேர் எதிர். கம்பெனி அரசாங்கம் இப்படி ஒரு கல்லூரி தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும், வேண்டாம் என்று எழுதியவர் ராம்மோகன் ராய். 1823 டிசம்பரில் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. வியாகரணத்தின் நுணுக்கங்களைக் கற்பதற்காக இளைஞர்கள் வாழ்க்கையின் அருமையான பன்னிரண்டு வருடங்களைச் செலவழிப்பதால் என்ன பயன், கணிதமும் ரசாயனமும் உடற்கூறும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1824 ஜனவரி 1 அன்று பௌபஜாரில் ஒரு வாடகை வீட்டில் கல்லூரி தொடங்கிவிட்டது. அப்புறம்தான் கோல்திகி குளக்கரையில் சொந்தக் கட்டடம் வந்தது.

அந்தப் பன்னிரண்டு வருடம் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்வர சந்திரர் 1829 ஜூனில் அங்கே சேர்ந்து 1841 டிசம்பரில் வெளியே வந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு மேலேயே ஆகிறது. ராம்மோகன் வீண் என்று பயந்த அதே படிப்பைப் படித்துவிட்டுத்தான், ராம்மோகன் விரும்பியிருக்கக்கூடிய வேலைகளைச் செய்தார். எனக்கு இந்தக் கல்லூரி மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): அண்ணா, வித்யாசாகர் தெருவிளக்கில் படித்தார் என்று பாடத்தில் இருந்தது. உண்மையா?

தம்பி, தெருவிளக்குக் கதை எல்லோரும் சொல்லும் கதை. அதைவிட நல்ல ஒன்றை அவரே எழுதிவைத்திருக்கிறார். தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன சிறு நூல் அது. அவர் இறந்த 1891இல் மகன் அதை வெளியிட்டார்.

மேதினிபூர் பக்கம் பீர்சிங்க கிராமத்திலிருந்து எட்டு வயதுப் பையன் அப்பாவோடு கல்கத்தாவுக்கு நடந்து வருகிறான். சாலையோரம் ஒரு கல் நட்டிருக்கிறது. "அப்பா, மசாலா அரைக்கிற கல்லை ஏன் ரோட்டோரம் புதைத்துவைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறான். நாம் அம்மிக்கல் என்போமே, அதைத்தான் சொல்கிறான். அப்பா சிரித்துவிட்டு, இது மைல்கல், இதில் 19 என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, கல்கத்தா இன்னும் பத்தொன்பது மைல் என்று விளக்குகிறார். பையன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்து, பத்தாவது மைல் வருவதற்குள் ஆங்கில எண்கள் அத்தனையும் கற்றுக்கொள்கிறான். நிஜமாகவே தெரிந்துவிட்டதா என்று சோதிக்க அப்பா ஒரு வேலை செய்கிறார். ஆறாம் மைல் கல்லைப் பையன் கண்ணில் படாமல் தாண்டவைத்து, ஐந்தாம் கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார். "அப்பா, இந்தக் கல்லில் தப்பாகச் செதுக்கிவிட்டார்கள். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து போட்டிருக்கிறது" என்கிறான் பையன்.

எழுத்தைக் கற்றுக்கொண்டதோடு எழுத்தில் தப்பு இருக்கலாம் என்பதும் அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிற்பாடு சாஸ்திரப் புத்தகங்களை அவர் எப்படிப் படித்தார் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்தாம் கல்தான் ஞாபகம் வரும்.

கேள்வி (கோவை, மருத்துவர்): இந்தியாவில் முதன்முதலாகப் பிணத்தை அறுத்துப் பார்த்தவர் சமஸ்கிருத பண்டிதர் என்கிறார்களே?

ஆமாம் டாக்டர். மதுசூதன் குப்தர். பரம்பரை மருத்துவர்களான வைத்ய சாதிக்காரர். சமஸ்கிருதக் கல்லூரியில் அப்போது ஆயுர்வேதத்துக்கென்று தனி வகுப்பு இருந்தது. அதில் மாணவராகச் சேர்ந்து, அதிலேயே ஆசிரியராகவும் ஆனார். ஹூப்பர் என்பவர் எழுதிய உடற்கூறு நூலைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தார். 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அந்த ஆயுர்வேத வகுப்பை மூடிவிட்டார்கள். மதுசூதனர் மருத்துவக் கல்லூரிக்கு மாறினார்.

முதல் அறுவை என்று சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சுச்ருத சம்ஹிதையிலேயே பிணத்தை நீரில் ஊறவைத்து அடுக்கடுக்காகப் பார்க்கும் முறை சொல்லியிருக்கிறது. நவீன மருத்துவக் கல்வியில் முதல் இந்தியர் என்று சொன்னால் சரியாக இருக்கும். 1836இல் அது நடந்தது.

அந்தக் காட்சியை, பின்னால் பெண்கள் பள்ளி தொடங்கிய பெத்யூன் துரை பிற்பாடு ஓர் உரையில் விவரித்திருக்கிறார். கையில் கத்தியோடு மதுசூதனர், மருத்துவக் கல்லூரி ஆசிரியர் டாக்டர் குட்டீவ் பின்னால், பிணம் கிடத்தியிருந்த கிடங்குக்குள் நுழைகிறார். மற்ற மாணவர்கள் கூடவே ஓடி வருகிறார்கள், ஆனால் உள்ளே கால் வைக்கத் துணிவில்லை. வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு, ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். கத்தி உறுதியாக இறங்கி நெஞ்சில் நீளமாகக் கீறியதும்தான், அத்தனை பேரும் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுகிறார்கள். நீங்கள் முதலாண்டு உடற்கூறு வகுப்புக்குப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்குமே. அதோடு, சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள் என்ற பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): பிராமணர்கள் மட்டும்தானே அங்கே படிக்க முடிந்தது? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசவேண்டிய விஷயம்தான். தொடக்கத்தில் பிராமணர்களுக்கும் வைத்ய சாதியினருக்கும் மட்டும்தான் இடம். வைத்யருக்கும் எல்லா வகுப்பும் திறந்திருக்கவில்லை. வித்யாசாகர் 1851இல் முதல்வர் ஆனதும் இதை எடுத்தார். பண்டிதர்கள் எதிர்த்தார்கள். ஐரோப்பியர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அப்போது சாஸ்திரம் தடுக்கவில்லையா என்ற வாதத்தை அவர் முன்வைத்தார். அந்த வருடமே எழுத்து, கணக்கு வேலை பார்த்துவந்த காயஸ்த சாதியினருக்குக் கதவு திறந்தது. 1854இல் 'மரியாதைக்குரிய' இந்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் என்று விரிந்தது.

அந்த 'மரியாதைக்குரிய' என்ற சொல்லில்தான் சிக்கல். பிறகு பொன் வணிகர்களான சுவர்ணவணிகர் சாதியிலிருந்து ஒருவர் இடம் கேட்டபோது வித்யாசாகரே இணங்கவில்லை. பண்டிதர்களின் எதிர்ப்பு கைமீறிப் போகும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். எனக்கு அது வருத்தமான இடம். அவரை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக்கூடாது.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் தாத்தா வைத்திருந்த பழைய சமஸ்கிருதப் புத்தகங்களில் 'ஜீவானந்த வித்யாசாகர' என்று பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறது. இவர்தான் அவரா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வேறு ஆள். 'வித்யாசாகர்' என்பது பட்டம், குடும்பப் பெயரில்லை. தர்க்காலங்கார், வித்யாபூஷண், நியாயரத்ன எல்லாம் அப்படித்தான். பந்தோபாத்யாய ஈஸ்வர சந்திரருக்கும் அந்தப் பட்டம் உண்டு, பட்டாசார்ய ஜீவானந்தருக்கும் உண்டு.

ஜீவானந்தரும் இதே கல்லூரி மாணவர். காவியம், நாடகம், சாஸ்திரம் என்று தன் உரையோடு ஏராளமான நூல்களை அச்சிட்டு மலிவாகக் கிடைக்கச் செய்தவர். உங்கள் தாத்தாவிடம் ஒன்று இருப்பதில் ஆச்சரியமில்லை. பத்திரமாக வையுங்கள், அந்தக் காலத்துத் தாள் லேசில் நொறுங்கும்.

அவருடைய அப்பா இன்னும் பெரிய ஆள். தாராநாத தர்க்கவாசஸ்பதி. அவரும் அங்கே படித்தவர், பிறகு அங்கேயே ஆசிரியர். 'வாசஸ்பத்யம்' என்ற பேரகராதி அவருடையது. ஐயாயிரம் பக்கத்துக்கு மேல், 1873 முதல் பத்து வருடத்துக்கு மேலாகப் பகுதி பகுதியாக வந்தது. இன்றும் சமஸ்கிருத ஆய்வாளர்கள் அதைப் புரட்டாமல் இருக்கமுடியாது.

அவர் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த கதையைக் கேளுங்கள். மாதம் 90 ரூபாய் சம்பளத்தில் இலக்கண ஆசிரியர் வேலை ஒன்று வித்யாசாகரைத் தேடி வந்தது. அப்போது, கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்த கோட்டை வில்லியம் கல்லூரியில் அவருக்கு 50 ரூபாய்தான். அவர், எனக்கு வேண்டாம், இலக்கணத்தில் தாராநாதர்தான் பெரியவர், அவருக்குக் கொடுங்கள் என்றார். தாராநாதரோ கால்னா என்ற ஊரில் வியாபாரமும் பாடசாலையுமாக இருந்தார். மனு உடனே வேண்டும். தபாலை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. வித்யாசாகர் இரவோடு இரவாகக் கால்னாவுக்கு நடந்தே போய் அவரைச் சம்மதிக்கவைத்தார்.

இருவரும் விதவை மறுமணத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். ஆண்கள் பல தாரம் கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று வித்யாசாகர் கிளம்பியபோது தாராநாதர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். கடுமையாக எழுதிச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): கல்லூரியில் திதி பார்த்து விடுமுறை விட்டார்களாமே?

ஆமாம். பிரதமை, அஷ்டமியில் பாடம் இல்லை. நம் வேத பாடசாலைகளில் இன்றும் அனத்யயனம், அதாவது பாடம் ஓதக்கூடாத நாள், பார்ப்பது உங்களுக்குத் தெரியும். சுந்தர காண்டத்தில்கூட, பிரதமையில் படிக்கிறவனின் வித்தை தேய்வதுபோல் சீதை மெலிந்திருக்கிறாள் என்று அனுமன் சொல்கிற இடம் உண்டு. வித்யாசாகர் அதை எடுத்துவிட்டு ஞாயிறு விடுமுறை கொண்டுவந்தார்.

கேள்வி (சென்னை, வழக்கறிஞர்): விதவை மறுமணச் சட்டத்துக்கு அவர் சாஸ்திர ஆதாரம் காட்டினார் என்கிறார்கள். எது அந்த ஆதாரம்?

பராசர ஸ்மிருதி என்ற தர்ம சாஸ்திர நூல். 'நஷ்டே ம்ருதே ப்ரவ்ரஜிதே க்லீபே ச பதிதே பதௌ' என்று தொடங்கும் சுலோகம். கணவன் காணாமல் போனால், இறந்தால், துறவியானால், ஆண்மையற்றவனானால், சாதியிலிருந்து வீழ்ந்தால், இந்த ஐந்து ஆபத்துகளிலும் பெண்ணுக்கு வேறு கணவன் விதிக்கப்படுகிறான் என்பது பொருள். சுலோகம் புதிதில்லை, பண்டிதர்களுக்குத் தெரிந்ததுதான். கலியுகத்துக்கு உரியது பராசரர் சொன்ன தர்மமே என்று அந்த நூலே சொல்வதையும் இதையும் சேர்த்து, இதற்கு எதிராக இருக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லி, 1855இல் இரண்டு சிறு நூல்கள் எழுதினார். உங்கள் தொழில்காரர்கள் படித்துப் பார்க்கவேண்டிய வாதம் அது. ஸ்மிருதி வகுப்பில் கற்றதை அப்படியே எதிர்த்தரப்பின் மேல் திருப்பியிருக்கிறார்.

அரசாங்கத்துக்கு அவர் அனுப்பிய மனுவில் ஆயிரத்துக்கும் குறைவான கையெழுத்து. பழமைவாதத் தலைவர் ராதாகாந்த தேவ் தலைமையில் போன எதிர்மனுவில் முப்பதாயிரத்துக்கு மேல். இருந்தும் 1856 ஜூலை 26 அன்று சட்டம் வந்தது. அந்த டிசம்பர் 7ஆம் தேதி முதல் திருமணம். மாப்பிள்ளை ஸ்ரீசசந்திர வித்யாரத்னர், இதே கல்லூரியில் படித்தவர். பெண் பெயர் காளிமதி. சட்டத்தால் அனுமதி கிடைத்தாலும் பந்தலில் உட்கார ஒரு ஆள் வேண்டுமே. அந்தத் துணிச்சலுக்காக ஸ்ரீசசந்திரர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பேன்.

சாந்திபூர் நெசவாளர்கள் "வித்யாசாகர் சிரஞ்சீவியாக வாழட்டும்" என்ற பாட்டு வரியைச் சேலைக் கரையிலேயே நெய்து விற்றார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): சார், அவருடைய வகுப்புத் தோழர் யாராவது பெயர் பெற்றார்களா?

மதன்மோகன் தர்க்காலங்கார். எனக்கு மிகவும் பிடித்தவர், அவரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதில்லை. 1849இல் 'சிசுசிக்ஷா' என்ற குழந்தைகள் பாடநூல் எழுதினார். அதில் வரும் 'பாகி சப் கரே ரப், ராதி போஹாய்ல' என்ற பாட்டு இன்றைக்கும் வங்காளிகளுக்கு மனப்பாடம். பறவைகளெல்லாம் குரல் கொடுக்கின்றன, இரவு விடிந்தது என்று பொருள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி காலையில் பல் துலக்கிக்கொண்டே அதைச் சொல்வார். நூற்று எழுபது வருடத்துப் பாட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதே 1849இல் பெத்யூன் பெண்கள் பள்ளி தொடங்கியது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் ஊர் தள்ளிவைக்கும் காலம். மதன்மோகன் தன் இரண்டு மகள்களையும் அனுப்பினார். அவர்கள் பெயர் புவனமாலா, குந்தமாலா.

அவரும் வித்யாசாகரும் சேர்ந்து 1847இல் ஓர் அச்சகம் போட்டார்கள், 'சமஸ்கிருத யந்திரம்' என்று பெயர். 600 ரூபாய் கடன். அந்தக் கடனை எப்படி அடைப்பது? கோட்டை வில்லியம் கல்லூரியின் மார்ஷல் துரை, பாரதசந்திரரின் 'அன்னதாமங்கள்' காவியத்தைப் பிழையில்லாமல் அச்சிட்டுத் தந்தால் நூறு பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்றார். கிருஷ்ணநகர் அரண்மனையிலிருந்து மூலச்சுவடியை வரவழைத்து அச்சிட்டார்கள். பிரதி 6 ரூபாய், நூறு பிரதிக்கு 600. கடன் தீர்ந்தது. மிச்சப் பிரதிகள் விற்ற காசில் அடுத்தடுத்த நூல்கள். பின்னாளில் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்து பிரிந்தார்கள். 1858இல் மதன்மோகன் காலராவில் போய்விட்டார். நாற்பது வயதுதான் இருக்கும்.

கேள்வி (ஈரோடு): பங்கிம் சந்திரர், விவேகானந்தர், தாகூர் எல்லாம் அங்கே படித்தவர்களா?

மூவருமே இல்லை. கல்லூரி இருக்கும் தெருவுக்கு இப்போது பங்கிம் சாட்டர்ஜி தெரு என்று பெயர், அதனால் குழப்பம். விவேகானந்தர் படித்தது வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் பள்ளியில். கோவெல் துரை பெயரையும் சிலர் மாணவர் பட்டியலில் போடுகிறார்கள். அவர் வித்யாசாகருக்குப் பின் வந்த முதல்வர், பிற்பாடு கேம்பிரிட்ஜில் முதல் சமஸ்கிருதப் பேராசிரியர்.

பத்திரிகைக்காரர் வேண்டுமென்றால் துவாரகாநாத வித்யாபூஷணர் இருக்கிறார். 1858இல் 'சோமப்பிரகாஷ்' வார இதழைத் தொடங்கியவர். 1878இல் தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்தபோது, பிணைமுறி எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று பத்திரிகையையே நிறுத்தினார். அவருடைய சகோதரி மகன்தான் சிவநாத சாஸ்திரி. இந்தக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து 'சாஸ்திரி' பட்டம் வாங்கியவர். மாணவராக இருக்கும்போதே பூணூலைக் கழற்றி, பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தில் சேர, அப்பா வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். 1878இல் அதிலிருந்து பிரிந்து 'சாதாரண பிரம்ம சமாஜம்' உருவானதில் முன்னணியில் நின்றார்.

கேள்வி (தஞ்சாவூர், சுவடி ஆர்வலர்): ஓலைச்சுவடி தேடியவர் யாராவது?

ஹரபிரசாத் சாஸ்திரி (1853–1931). நைஹாட்டிக்காரர். மாணவராக வந்து, 1900 முதல் 1908 வரை முதல்வராகவும் இருந்தார். 1907இல் நேபாள அரசவை நூலகத்தில் பௌத்த சித்தர்களின் பாடல் தொகுப்பு ஒன்றைக் கண்டார். 'சர்யாபதம்' என்று இன்று சொல்கிறோம். நாற்பத்தாறரைப் பாட்டு தேறியது. நடுவில் ஏடுகள் போய்விட்டதால் அந்த அரை. 1916இல் அதைப் பதிப்பித்தபோது வங்க இலக்கியத்தின் தொடக்கமே பின்னோக்கி நகர்ந்துவிட்டது. அஸாமியரும் ஒடியரும் அவற்றைத் தங்கள் மொழியின் ஆதி என்றும் சொல்வார்கள்.

அவர் கண்ட இன்னொன்று சந்தியாகர நந்தியின் 'ராமசரிதம்'. பாட்டு முழுக்கச் சிலேடை. ஒரு பக்கம் படித்தால் ராமாயணம், சொல்லை வேறுமாதிரிப் பிரித்தால் வங்கத்தை ஆண்ட ராமபாலன் தன் நாட்டை மீட்ட கதை. காளமேகத்தின் சிலேடையை ரசிக்கிற நமக்கு இதன் ருசி உடனே புரியும். அதற்கு இருக்கும் பழைய உரை பாதியில் நின்றுவிடுகிறது. கைவர்த்தர் என்ற சமூகத்தினர் எழுச்சி செய்து பால வம்ச மன்னர்களிடமிருந்து வடவங்கத்தைப் பிடித்த வரலாறு அந்தச் சிலேடைக்குள்ளிருந்துதான் பெரிதும் வெளியே வந்தது. சந்தி பிரிக்கவும் அலங்காரம் படிக்கவும் செலவழித்த வருடங்கள் இல்லாவிட்டால் அந்த ஏடு வெறும் ராமாயணமாகவே கிடந்திருக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, தமிழோடு தொடர்புள்ளவர் எவரேனும் உண்டோ?

உண்டு. சுரேந்திரநாத் தாஸ்குப்தா. சமஸ்கிருதக் கல்லூரியில் எம்.ஏ. படித்தவர், 1931 முதல் 1942 வரை முதல்வர். இந்தியத் தத்துவ வரலாற்றை ஐந்து பாகமாக ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றாம் பாகத்தில் ஆழ்வார்களும் ராமானுஜரும் வருகிறார்கள். ஐந்தாம் பாகம் முழுக்கத் தென்னாட்டுச் சைவம், மாணிக்கவாசகருக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார். கண் பார்வையும் உடல்நிலையும் மோசமான கடைசிக் காலத்தில் எழுதியது. அவர் 1952இல் மறைந்தார், புத்தகம் 1955இல் வந்தது. உங்கள் ஊர்ச் சைவ அறிஞர்கள் அதில் குறை காணக்கூடும். எனக்கோ, குஷ்தியாவில் பிறந்த ஒரு வங்காளி தன் கடைசி உழைப்பை நம் சைவத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பதே பெரிதாகப் படுகிறது.

கேள்வி (புதுச்சேரி): அடுத்த மாதம் கொல்கத்தா போகிறோம். பார்க்க முடியுமா?

தாராளமாக. 2016 முதல் அது பல்கலைக்கழகம். காலேஜ் ஸ்ட்ரீட் என்று சொன்னால் எந்த டாக்சிக்காரரும் இறக்கிவிடுவார். கோல்திகி குளத்தைக் கண்டுபிடியுங்கள், வித்யாசாகர் சிலை இருக்கும். கல்லூரித் தூண்கள் பக்கத்திலேயே. உள்ளே போக வாசலில் அனுமதி கேளுங்கள்.

திரும்பும்போது நடைபாதைக் கடையில் 'வர்ணபரிசய்' கேளுங்கள். 1855இல் வித்யாசாகர் எழுதிய அரிச்சுவடி, மெல்லிய புத்தகம், இன்னும் அச்சில் இருக்கிறது. முதல் பாகத்துக் கடைசியில் கோபால் என்று ஒரு பையன் வருவான். கிடைத்ததைச் சாப்பிடுவான், கொடுத்ததை உடுத்துவான், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவான். அடுத்த பாடத்தில் அவனுக்கு நேர்மாறான ராக்கால். வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம், நீங்கள் சின்ன வயதில் கோபாலா ராக்காலா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பதில் சொல்லத் தொடங்கியவர், அந்தப் பாடம் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிட்டுத்தான் பாக்கிச் சில்லறை கொடுத்தார்.